'நான்' என்று தொடங்குகிற அக்கா

பேசத் தொடங்குவதற்கு முன் அக்கா தண்ணீர்ப் போத்தலை நகர்த்தி வைப்பார். இடது பக்கம் இருந்தால் வலது பக்கம், வலது பக்கம் இருந்தால் இடது பக்கம். ஒரு மிடறுகூடக் குடிக்கமாட்டார். எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"சனம் போத்தலைப் பாக்கும். போத்தலைப் பாத்த கண் அப்பிடியே என்னட்ட வரும். வந்த கண்ணை நான் பிறகு திருப்பி அனுப்பமாட்டன்" என்றார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கொழும்பில் பலருக்குத் தெரிந்துவிடும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அந்தச் சொல் போதும். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. நல்ல மனம் உள்ளவர். ஆனால் என் தங்கையின் படிப்பு ஒருமுறை இந்த நல்ல மனம் உள்ளவருடைய வாய்க்குள் போய் மாட்டிக்கொண்டது. அதை வெளியில் எடுக்க நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, யாராவது ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று 'நான்' என்று தொடங்கினாலே என் கண் அவருடைய கைகளுக்குத்தான் போகிறது.

அவரைச் சந்தித்தது வெள்ளவத்தையில், சனிக்கிழமை மேடைப்பேச்சு வகுப்பில். மருந்துக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த மாடி மண்டபம் அது. பின்பக்க யன்னலைத் திறந்தால் கடல் தெரியும், கடலுக்கு முன்னால் ரயில் பாதை.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடுகளைக் கூட்டித் துடைக்கிறவர். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான்தான், உயர்தரம் எழுதியதும் நான்தான். அதற்குப் பிறகு வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்குப் போகத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, படித்தது எல்லாம் தலைக்குள் இருக்கிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது என்று. பெயரைக் கேட்டால்கூடத் திக்கித் திணறுவேன். அதனால்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே வகுப்பு நடத்திய சேர் சொல்லித் தந்தவை எல்லாம் எளிமையானவைதான். இரண்டு காலிலும் சமமாக நில். மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கு. ஒருவரின் முகத்தைப் பார்த்து ஒரு வசனத்தை முடி, அதற்குப் பிறகு அடுத்த முகத்துக்குப் போ. கேட்கிறவருக்கு என்ன பயம், என்ன ஆசை என்று தெரியாமல் வாயைத் திறக்காதே. முடிவை முதலில் யோசி. இதையெல்லாம் நான் எழுதி எழுதிப் பாடமாக்கினேன். அக்கா எழுதவே இல்லை. அவருடைய உடம்புக்கு அவை ஏற்கெனவே தெரிந்திருந்தன.

சேர் சொல்லாத ஒன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. பேச்சுக்கு நடுவில் ரயில் வந்தால் நாங்கள் கத்துவோம், அல்லது பதறி மறந்துவிடுவோம். அக்கா ரயிலுக்காகக் காத்திருப்பார். தன் பேச்சில் ஆக முக்கியமான வசனத்தை ரயில் வரும் நேரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொண்டுவந்து, பாதியில் நிறுத்துவார். மண்டபம் அதிரும். அவர் அசையாமல் நிற்பார். ரயில் போனதும், முன்பைவிடத் தாழ்ந்த குரலில் மிச்சப் பாதியைச் சொல்வார். ரயிலே அவருடைய ஆள்தான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அக்காவின் வீடு முகத்துவாரத்தில். வேலை, காலி வீதியில் வகுப்புக்குக் கிட்ட இருந்த ஒரு சாறிக்கடையில். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு நேரம் இருந்ததால் அந்தக் கடையில் போய் நின்றேன். ஓர் அன்ரி மாம்பழ மஞ்சளில் ஒரு சாறியை விரித்துப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அவசரப்பட்டு எடுக்காதீங்கோ" என்றார் அக்கா.

கடைக்காரியே எடுக்காதே என்கிறாளே என்று அன்ரி நிமிர்ந்து பார்த்தார். போத்தல் இல்லாமலே கண் சாறியிலிருந்து ஆளுக்கு வந்துவிட்டது.

"நான் என்ர கலியாணத்துக்கு இந்த நிறம்தான் கட்டினனான். அப்ப எனக்கும் இதே யோசினைதான், ஜரிகை கறுத்துப்போகுமோ எண்டு. மூண்டு வருசமாச்சு. பெட்டியில வைச்ச மாதிரியே இருக்கு. ஆனா நீங்கள் வடிவா யோசிச்சுத்தான் எடுக்கவேணும்."

அன்ரி அதையும் எடுத்தார், இன்னொன்றும் எடுத்தார். அவர் போனதும் நான் கேட்டேன், "அக்கா, உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சதோ?"

"எனக்கோ? விசர்க்கதை. போன மாசம் ஒரு பிள்ளை வந்து சொன்னது, மூண்டு வருசமா ஜரிகை கறுக்கேல்லை எண்டு. அது உண்மைதானே?"

"உண்மை. ஆனா அந்தப் பிள்ளைதானே…"

"தம்பி, ‘ஒரு பிள்ளை சொன்னது’ எண்டு சொல்லு, அன்ரி ‘ஆ’ எண்டிட்டுப் போயிடுவா. ‘நான்’ எண்டு சொல்லு. அப்பத்தான் ஆள் கிட்ட வரும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வகுப்புக்குப் படியேறும்போது மட்டும் மனதில் ஒன்று ஓடியது. இவருடைய உண்மையான கதை ஒன்றாவது எனக்குத் தெரியுமா? ஒருநாள் தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்றார். இன்னொரு நாள் தகப்பன் துறைமுகத்தில் எழுதுவினைஞர் என்றார். தாய் இருப்பதாக ஒருமுறை, இறந்துபோனதாக ஒருமுறை. ஒவ்வொன்றையும் கேட்கிறபோது நான் முழுதாக நம்பியிருக்கிறேன்.

முகத்துவாரத்தில் ஒரு மரணவீடு. மீன்பிடித் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார். மகன்மாருக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது, ஆகவே குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லும்படி அக்காவைக் கேட்டிருந்தார்கள். "கிட்டத்தானே, வந்து பார். பழகலாம்" என்று எனக்கும் சொல்லியிருந்தார். போனேன்.

பெட்டி மூடுவதற்கு முன் அக்கா எழுந்தார். போத்தல் இல்லாததால் மெழுகுதிரி ஒன்றை நகர்த்தி வைத்தார். "எங்கட அப்பா கரைக்கு வந்தா முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடுறது என்னைத்தான்" என்று தொடங்கினார். அவ்வளவுதான், பந்தலே உடைந்து அழுதது. அக்காவும் அழுதார். பிறகு தேத்தண்ணி கொடுக்கும் இடத்தில், நீர்கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூத்த மகனைப் பிடித்தார்.

"டேய், இது எத்தினையாவது தங்கச்சி? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

மகன்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இறந்தவரின் மனைவிதான் கதிரையில் இருந்தபடியே சொன்னார். "விடுங்கோ. நான் பெத்ததுகள் ஒண்டும் இவ்வளவுக்கு அழேல்லை."

அன்றைக்கு எல்லோரும் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அக்காவின் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வகுப்பிலேயே ஒரு பழக்கம் இருந்தது. சேர் எங்களை இருவர் இருவராக உட்காரவைப்பார். ஒருவர் தன் வீட்டில் நடந்த உண்மைக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் மேடைக்குப் போய் அதைத் தனக்கே நடந்ததுபோல, 'நான்' என்று சொல்ல வேண்டும். "சொந்தக் கதையெண்டா வெக்கம் வந்து தொண்டையை அடைக்கும். அடுத்தவன்ர கதைக்கு வெக்கம் வராது, குரல் மட்டும் வரும்" என்பார் சேர். எனக்கு அது நன்றாக உதவியது. முதல் தடவையாக நடுங்காமல் பேசியது, ஒரு நகைக்கடைப் பெடியனின் நாய் காணாமல்போன கதையை என் நாய் என்று சொல்லித்தான். எங்கள் வீட்டில் நாய் வளர்க்க இடமே இல்லை.

ஒரு சனிக்கிழமை எனக்குச் சோடியாக வந்தவர் அக்கா. அவருக்கு நான் அம்மாவின் கதையைச் சொன்னேன்.

அம்மா மலையகத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் விளையாட்டாக, உடுப்புத் தோய்க்கும் சீமெந்துக் கட்டில் சோக்கட்டியால் அம்மாவின் பெயரை எழுதிக் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அம்மா உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் சவர்க்கார நுரையில் விரலால் தன் பெயரை எழுதிப் பார்ப்பார். வீட்டு அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயத்தில், எழுதி முடித்த கையோடு உள்ளங்கையால் அழித்துவிடுவார். அப்படி எழுதிப் பழகியதுதான் அவருடைய கையெழுத்து. அந்தப் பயம் கையைவிட்டுப் போகவே இல்லை. என் தேர்ச்சி அறிக்கைகளில் கையெழுத்து வைத்தபோதெல்லாம் அதன்மேல் உள்ளங்கை தானாகப் போய் வந்துவிடும். மை காய்ந்திருக்காது. எல்லாத் தவணையிலும் அம்மாவின் பெயர் ஒரு பக்கமாக இழுபட்டுத்தான் இருக்கும்.

அக்கா கண் வெட்டாமல் கேட்டார். பிறகு மேடைக்குப் போனார். போத்தலை நகர்த்தினார்.

"என்ர பேரை நான் முதன்முதல் எழுதினது தாளில இல்லை. சவர்க்கார நுரையில."

மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. முடிவுக்கு வரும்போது ரயில் வந்தது. காத்திருந்தார். போனதும் சொன்னார். "எழுதிப்போட்டு… அந்த நுரை அடங்கும் வரைக்கும் நான் என்ர பேரையே பாத்துக்கொண்டு இருந்தன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது என் அம்மாதான் என்று நினைத்தபோது பெருமையாகவும் இருந்தது. இறங்கி வந்ததும் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, அம்மா பாத்துக்கொண்டு இருக்கேல்லை. உடனே அழிச்சுப்போடுவா."

"தெரியும். அதை வெட்டிப்போட்டன். அழிச்சது எண்டா சனம் பாவம் எண்டு பெருமூச்சு விடும். பாத்துக்கொண்டு இருந்தது எண்டா சனமும் சேர்ந்து பாக்கும். எது நல்லம்?"

கேட்டுவிட்டு அக்கா தன் கதிரையில் போய் உட்கார்ந்தார். 

வருட முடிவில் வெள்ளவத்தையில் ஒரு பெரிய பேச்சுப் போட்டி நடந்தது. அக்கா அதே கதையைச் சொல்லி முதலிடம் எடுத்தார். அதற்குப் பிறகு சேர் அவரைத் தனக்கு உதவியாக வகுப்பு எடுக்க வைத்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் புதுப் பதாகை ஒன்று தொங்கியது. அதில் அக்காவின் முகம், கீழே 'நுரை அடங்கும் வரை' என்ற வரி. நான் வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் உடுப்புத் தொவச்சதுக்கா கப்பு குடுத்தாங்க? அந்தக் காலத்துல சம்பளத்தையே ஒழுங்கா குடுக்கல."

அது அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என் தங்கை சாதாரண தரத்தில் நன்றாகச் செய்திருந்தாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவு இல்லை. தமிழில் அதைப் படிப்பிக்கும் நல்ல பெண்கள் பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்ச இடம்தான். நேர்முகத்துக்கு அம்மாவும் போக வேண்டும். அங்கே இடம் கிடைக்காவிட்டால் அவள் தனக்கு விருப்பமில்லாத பிரிவில்தான் படிக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அவள் பெருவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு திரிந்தாள்.

நானும் உள்ளே போனேன். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வயதான மிஸ் ஒருவர். தங்கையிடம் கேட்டதற்கெல்லாம் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு மிஸ் அம்மாவிடம் திரும்பினார்.

"வீட்டில பிள்ளைக்குப் படிப்பில உதவி செய்ய ஆர் இருக்கினம்? நீங்கள் எது வரைக்கும் படிச்சனீங்கள்?"

"நான் படிக்கலீங்க டீச்சர். பேரு மட்டுந்தான் எழுதுவேன். அதுவும் வேல செஞ்ச வீட்டுல, சவுக்கார நுரையில எழுதி எழுதிப் பழகுனதுங்க."

மிஸ்ஸின் பேனா நின்றது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். 

"இந்தக் கதையை நான் கேட்டிருக்கிறன், அம்மா. போட்டி ஒண்டுக்கு நடுவரா போனபோது. சொன்ன பிள்ளை அதைத் தன்ர கதை எண்டுதான் சொன்னது. அந்த மண்டபத்தில அழாத ஆள் இல்லை."

"இல்லீங்க, அது என் கதைதாங்க."

"எனக்குக் கோவம் இல்லை. இப்ப நேர்முகத்துக்கு வாற ஆக்கள் எங்கையாவது பழகிப்போட்டுத்தான் வருகினம். ஆனா உங்கட பிள்ளைக்கு இது தேவையில்லையே. பெறுபேறு நல்லாத்தானே இருக்கு. ஏன் இப்பிடி?"

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியது முழுவதும் எனக்குத் தெரியும். வகுப்பு, சோடி, அக்கா. இரண்டு காலிலும் சமமாக நின்றேன், மூச்சை இழுத்தேன்.  "மிஸ், அது… வகுப்பில… நாங்கதான்…" என்றேன். அதைக் கேட்டால் பொய்யில் பிடிபட்டவன் உளறுவதுபோலவே இருந்திருக்கும். "பட்டியல் வெள்ளிக்கிழமை போடுவம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெளியில் வந்ததும் தங்கை அழவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. அம்மா மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "என் கதைய நான் சொல்றதுக்கு நான் யாருகிட்ட கேக்கணும், தம்பி?"

அப்படியே சாறிக்கடைக்குப் போனேன். அக்கா சாறிகளை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மடிப்பு பாதியில் நின்றது.  பிறகு முகம் தெளிந்தது.

"பதறாதை. நான் வாறன். ஒரே மாதிரி ரெண்டு பேருக்கு நடக்காதோ? எத்தினை பிள்ளையள் வீட்டு வேலைக்குப் போனதுகள்! நான் சொல்லுறன், ‘மிஸ், என்னை மாதிரி, இந்த அம்மாவை மாதிரி…’"

பேசிக்கொண்டே மேசையில் கிடந்த அளவுநாடாவை எடுத்து வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வைத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததென்று தெரியாது. "அக்கா, அந்த நாடாவை விடுங்கோ" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார்.

"வேற ஒண்டும் சொல்ல வேண்டாம். அது உங்கட கதை இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"சொன்னா நான் பிறகு அந்த மாடிப்படியில ஏறேலாது, தம்பி. பதாகையில என்ர முகம் தொங்குது."

"தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை பட்டியல் போடுவினம்."

 ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். "வாங்கோ அன்ரி" என்று அக்கா அவரிடம் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை அம்மாவும் நானும் பாடசாலை வாசலில் நின்றோம். அக்கா வருவாரா என்று தெரியாது. காவலாளி சிங்களத்தில் இரண்டு தடவை வந்து என்ன அலுவல் என்று கேட்டுவிட்டார். ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்தேன். "வரும். நல்ல புள்ளதான் அது" என்றார் அம்மா. அவரை ஒருநாளும் நேரில் பார்த்திராத அம்மா.

வந்தார். கடைச் சீருடைச் சாறியோடு, முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல். நேரே காவலாளியிடம் போனார்.

கெஞ்சிக் கேட்டதில் மிஸ் ஐந்து நிமிடம் தந்தார். அவருடைய அறையில், மேலே கண்ணாடி போட்ட மர மேசையில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வியர்த்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸுக்கு அக்காவின் முகம் உடனே பிடிபட்டது. அக்கா மேசையோடு ஒட்டி, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். போத்தல் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"மிஸ், அது என்ர கதை இல்லை. இந்த அம்மாவின்ர."

"அப்ப ஏன் ‘நான்’ எண்டு சொன்னனீர்?"

"‘நான்’ எண்டு சொன்னாத்தான்…"

அங்கே குரல் உடைந்தது. நான் அவரிடம் கேட்டுப் பழகிய இடைவெளி இல்லை அது. ரயில் எதுவும் வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் சொன்னார்.

"என்னட்டச் சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை, மிஸ்."

 மிஸ் நம்பினாரா என்று தெரியவில்லை. சோடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாலும் நாங்கள் என்ன செய்ய? ஒரு பேச்சால் கெட்டதை இன்னொரு பேச்சால் எப்படி நேராக்குவது?

அக்கா மறுபடி வாயைத் திறந்தார். "அவவைத் தன்ர பேரை எழுதச் சொல்லுங்கோ மிஸ். எழுதினதும் என்ன செய்வா எண்டு பாருங்கோ. அதை நான் பேச்சில இருந்து வெட்டிப்போட்டன்."

அம்மாவுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. போத்தலுக்குக் கீழே கண்ணாடியில் தேங்கியிருந்த நீரை விரலால் இழுத்து, அதிலேயே எழுதினார். கடைசி எழுத்து முடியும் முன்பே உள்ளங்கை வந்து முழுவதையும் துடைத்துவிட்டது. துடைத்த கையோடு அம்மாவின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை.

மிஸ் ஈரமான மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நுரை அடங்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தது எண்டு…"

"பாக்க எங்கீங்க நேரம்?" என்றார் அம்மா. "வீட்டு அம்மா செருப்புச் சத்தம் வந்துருமே."

"சரி. போயிட்டு வாங்கோ" என்றார் மிஸ். 

வெள்ளிக்கிழமை பட்டியலில் தங்கையின் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. நான் முதலில் மேலிருந்து கீழே பார்த்துக் காணாமல் விட்டேன். அவள்தான் கண்டுபிடித்தாள், அங்கேயே தரையில் குந்திவிட்டாள். மேசையில் எழுதியதால் கிடைத்ததா, பெறுபேற்றால் எப்படியும் கிடைத்திருக்குமா, இன்றுவரை தெரியாது. இப்போது அவள் வெள்ளைக் கவுண் போட்டுக்கொண்டு அந்தப் பாடசாலைக்குத்தான் போய்வருகிறாள்.

அக்கா அன்றைக்கே சேரிடம் போய்த் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாராம். பதாகை இறங்கியது. அக்கா வகுப்புக்கு வருவதை விட்டார். சாறிக்கடையிலும் வேறு பிள்ளை நின்றது. எனக்கு ஏற்றுமதி இறக்குமதிக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் நடுங்கித்தான் பேசினேன், இருந்தும் எடுத்தார்கள்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அக்கா கோப்பையைத் தரையில் வைத்தார், நகர்த்தவில்லை.

"சேர் திரும்ப வரச்சொல்லியிருக்கிறார். ஆண்டு விழாவில பேசச் சொல்லுறார். அண்டைக்கு மிஸ்ஸின்ர அறையில நடந்ததைத்தான் சொல்லலாம் எண்டு… உங்களைப் பற்றியும் வரும். சொல்லலாமோ, அம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "என்னையப் பத்தி சொல்லு புள்ள. நானா இருந்து சொல்லாத."

விழாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே மாடி மண்டபம், அதே யன்னல். ஓரமாக உட்கார்ந்தோம். அக்கா ஏறினார். பேச்சுமேசைக்குப் பின்னால் போய் நின்றார். போத்தலை இடமிருந்து வலமாக நகர்த்தினார்.

"நான் ஒரு அம்மாவின்ர கதையை எடுத்தனான்."

மண்டபம் அடங்கியது. இப்போது இது அவருடைய சொந்தக் கதைதான். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்ததுதான் வந்தது. அளவுநாடா வந்தது, பாடசாலை வாசல் வந்தது.  மிஸ்ஸின் அறை வந்தது. ‘ஏன் நான் எண்டு சொன்னனீர்’ என்ற கேள்வி வந்தது.

"‘நான்’ எண்டு சொன்னாத்தான்…" என்றார் அக்கா.

குரல் உடைந்தது. அதே இடத்தில், அதே மாதிரி. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெளியில் ரயில் வந்தது. அக்கா காத்திருந்தார்.

எனக்கு அந்த அறை திரும்ப ஞாபகம் வந்தது. அன்றைக்கு உடைந்ததும் இப்படித்தானா? ஒரு வருடமாக நான் உண்மை என்று வைத்திருந்த ஒன்று கையைவிட்டு நழுவுவதுபோல இருந்தது. அம்மாவின் காதருகில் குனிந்தேன்.

"அம்மா, அன்னைக்கும் இதே எடத்துலதான் நின்னாங்க. அன்னைக்கும் நடிப்புதானா?"

அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் புள்ள மேசைக்குக் கீழ என் சேல முந்தானிய புடிச்சுக்கிட்டு நின்னுச்சு, தம்பி. அந்த டீச்சருக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. இறுக்கிப் புடிச்சது. வீட்டுக்கு வந்து பாத்தா அந்த எடம் கசங்கிப் போயிருந்துச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நான் அது பக்கத்துல இல்லியே, இங்கதானே ஒக்காந்திருக்கேன்."

ரயில் போய்விட்டது. அக்கா தாழ்ந்த குரலில் மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் கதிரையின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி அவருடைய கைகளைத் தேடினேன். ஒன்று போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றது பேச்சுமேசைக்குப் பின்னால் இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை.